கரண்ட் போன இரவு: ஒளிந்தே கிடந்த தலைகீழ்க் கெளிறுகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஜனவரி முதல் வாரத்தில் டிக்கோயாவிலிருந்து ஒரு டீச்சர் கோல் எடுத்தார்.

"அண்ணே, அஞ்சு மீன் வாங்குனோம். ஒன்னு செத்துப் போச்சு. மத்த நாலும் உசுரோட இருக்குதா இல்லையான்னே தெரியலிங்க. ரெண்டு மாசமா மூஞ்சியே காட்டல."

செத்த மீனுக்காக என்னைக் கூப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். இருக்கிற மீனைக் காணவில்லை என்று கூப்பிட்டவர் இவர்தான். ஹட்டனில் கடை வேலை போக மிச்ச நேரத்தில் மீன் தொட்டி ஒட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதுமாகப் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. தொட்டிக்கு ஒரு பக்கம் என்று கொப்பியில் குறித்து வைப்பது என் பழக்கம். இந்தத் தொட்டிக்கு ஏழு பக்கம் போனது. முதல் மூன்று பக்கம் நான் தப்பாக நினைத்தவை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மீன், கடைக்காரர்கள் 'அப்சைட் டவுன்' என்று விற்கிற தலைகீழ்க் கெளிறு. டீச்சரின் கணவருக்குக் கொழும்பில் வேலை. தீபாவளிக்கு வரும்போது ஐந்து மீனையும் பொலித்தீன் பையில் கட்டி, குளிர் படாமல் ஸ்வெட்டருக்குள் வைத்து, இரவு தபால் ரயிலில் ஹட்டன்வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். தரம் 8 படிக்கிற மகன் ஆசைப்பட்டுக் கேட்டது. அவ்வளவு பாடுபட்டு வந்த மீன் அன்றிரவே பில்டருக்குப் பின்னால் போனதுதான், பிறகு வெளியே வரவில்லை.

இந்த மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊர் ஆபிரிக்காவின் கொங்கோ ஆற்றுப் படுகை. விஞ்ஞானப் பெயர் சினொடொண்டிஸ் நைக்ரிவென்ட்ரிஸ். பின்பாதிக்குக் 'கறுத்த வயிறு' என்று அர்த்தம். பொதுவாக மீனுக்கு முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும். மேலே நிற்கிற கொக்குக்கு அது ஆற்றின் அடி இருட்டோடு கலந்து போகும், கீழே நிற்கிற பெரிய மீனுக்கு வானத்தோடு கலந்து போகும். இது மல்லாந்து நீந்துகிற மீன். அதனால் நிறமும் புரண்டுவிட்டது: வயிறு கறுப்பு, முதுகு கொஞ்சம் வெளுப்பு. நீர்மட்டத்திலும் மிதக்கிற கட்டைகளின் அடியிலும் இருக்கிற பூச்சி புழுக்களை மல்லாந்தபடியே மேய்கிறது. வளர்ந்தால் 10 சென்ரிமீற்றரைத் தாண்டாது. கூட்டமாக வாழ்வது, இரவில் நடமாடுவது. பிடித்தால் மார்புச் செட்டை முள்ளை உரசிக் 'கிரீச்' என்று சத்தம் போடும். அந்த முள் வலையில் மாட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. வலையைத்தான் வெட்ட வேண்டும். ஆகவே பிளாஸ்டிக் கோப்பையால் அள்ளுங்கள்.

தொட்டி 36 அங்குல நீளம், 15 அகலம், 18 உயரம். விளிம்புவரை நிரப்பினால் 159 லீற்றர். மணலும் மேல் இடைவெளியும் போக 130 என்று வைத்துக்கொண்டேன். அடியில் பால் போல வெள்ளை மணல். இரண்டு பிளாஸ்டிக் செடி, ஒரு கோட்டை பொம்மை. கூடவே பத்து டைகர் பார்ப் மீன். மேலே மூன்றடி எல்ஈடி லைட், சில்லென்ற வெள்ளை வெளிச்சம். பார்த்ததும் கண் கூசியது. மகன் பெருமையாகச் சொன்னான், "அங்கிள், ஒரு மண் துகளக் கூட எண்ணலாம்." எண்ணலாம்தான்.

கன்னத்தைக் கண்ணாடியில் அழுத்திப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபோது பில்டருக்கும் மூலைக்கும் நடுவிலுள்ள இரண்டு விரல் சந்தில் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக, தலை கீழே இருக்க அடுக்கி வைத்த மாதிரி கிடந்தன. வயிறு ஒட்டியிருந்தது. தோல் வெளிறியிருந்தது. மீசை உடையவில்லை, புண் இல்லை, வெள்ளைப் புள்ளி இல்லை. கடையில் குடற்புழு மருந்து போடச் சொன்னார்களாம். போடாமல் வைத்திருந்தது டீச்சரின் நல்ல புத்தி.

மலைநாட்டில் தொட்டி பார்க்கப் போகிறவன் முதலில் தொடுவது ஹீட்டரைத்தான். நானும் அதைத்தான் செய்தேன். ஜனவரி விடியற்காலையில் அந்த முன் காம்பிராவில் 15 பாகை. தண்ணீர் காலையில் 21, மத்தியானம் 24. இருந்தது ஒரேயொரு 100 வொட் ஹீட்டர். அறையைவிடத் தண்ணீரைப் பத்து பாகை சூடாக வைத்திருக்க 130 லீற்றருக்கு அது போதாது. இன்னொரு 100 வொட்டை மறுமூலையில் போட்டேன். 200 வொட்டில் ஒன்றே போட்டிருக்கலாம். ஆனால் ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கட்டும் என்று நான் எப்போதும் இரண்டாகத்தான் போடுவேன். தண்ணீர் 25இல் நின்றது. டீச்சரிடம், "குளிர்தான், இனிச் சரியாகிவிடும்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்துப் போனேன். பார்ப் மீன்கள் பம்பரமாகச் சுற்றின. கெளிறு நான்கும் அதே சந்தில், அதே அடுக்கில்.

தண்ணீரைச் சோதித்தேன். அமோனியா இல்லை, நைத்திரைற்று இல்லை, பி.எச். 6.6. கடினத்தன்மை சோதனையில் இரண்டாவது துளியிலேயே நிறம் மாறிவிட்டது, அதாவது மிக மென்மையான தண்ணீர். பீலித் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். நம் மலை கடும் பாறை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கரையும்; இது அப்படி எதையும் விட்டுக்கொடுக்காது. கொங்கோ மீனுக்கு அந்த மென்மை பழகியதுதான். இங்கேயும் குற்றவாளி இல்லை. நான் மூலையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாயி, டீச்சரின் மாமியார், பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

அப்பாயி சாமி படத்துக்கு முன்னால் இருந்த விளக்கை ஏற்றினார். தொட்டி அந்தப் படத்துக்கு நேர் கீழே. ஐந்து நிமிடம் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் நீர்மட்டத்தை ஒட்டி ஏதோ அசைந்தது. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. நான்கும் வந்துவிட்டன. கறுத்த வயிறு மேலே, மீசை நீர்மட்டத்தைத் தடவ, மல்லாந்து ஊர்வலம் போயின. மகன் கத்தாமல் வாயைப் பொத்திக்கொண்டான். வாங்கிய நாளிலிருந்து அவன் அவற்றை முழுசாகப் பார்த்தது அன்றுதான்.

இந்த இடத்தில் அவசரப்பட்டிருந்தால் இரண்டாவது தப்பும் நடந்திருக்கும். கரண்ட் போனால் லைட் மட்டுமா நிற்கிறது? பில்டரும் நின்றுவிட்டது. தண்ணீர் அசையாவிட்டால் ஒட்சிசன் குறையும். ஒட்சிசன் குறைந்தால் இந்த மீன் நீர்மட்டத்துக்கு வந்து மல்லாந்தபடி மேல் தண்ணீரை வாங்கி மூச்சு விடும். மேல்நீரில் மூச்சு வாங்க நேரான நிலையைவிட மல்லாந்த நிலை அதற்கு வசதி. ஆக நான் பார்த்தது மேய்ச்சலா, மூச்சுத் திணறலா? ஐந்து நிமிடத்தில் 130 லீற்றர் தண்ணீர் காற்றுக்குத் தவிக்காது என்று மனம் சொன்னது. ஆனால் மனம் சொன்னதை நம்பித்தானே பத்து நாளுக்கு முன் குளிர் என்றேன்.

மறுநாள் இரவு கரண்ட் இருந்தது. பில்டரை ஓடவிட்டு, லைட்டை மட்டும் அணைக்கச் சொன்னேன். டோர்ச் லைட்டில் சிவப்பு செலபன் தாளை மூன்று மடிப்பாகக் கட்டிக் கொடுத்திருந்தேன். சிவப்பு வெளிச்சத்துக்கு இவை அவ்வளவாக வெருள்வதில்லை. ஒன்பது மணிக்கு மகன் கோல் எடுத்துக் குசுகுசுத்தான்: "அங்கிள், நாலும் வந்துருச்சு." பில்டர் ஓடுகிறது, மூச்சுத் திணறல் இல்லை. இனி வெளிச்சத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

அடுத்த நாள் லைட் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று கேட்டேன். "பின்னேரம் ஆறு மணிக்குப் போடுவோம், படுக்கிறப்போ பதினொன்னுக்கு அணைப்போம். அஞ்சு மணி நேரந்தாண்ணே" என்றார் டீச்சர். கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. அடுப்படியிலிருந்து அப்பாயியின் குரல் வந்தது.

"காலையில நாந்தானே போடுறேன். நாலரைக்கு எந்திரிச்சு சாமிக்கு விளக்கேத்துறப்போ அதுகளுக்கும் போட்டு விட்டுருவேன். பாவம், வாயில்லா ஜீவன், இருட்டுல கெடக்குதுல்ல."

"அப்புறம் யாரு அப்பாயி அணைக்கிறது?"

"அத யாரு அணைச்சா?"

யாரும் அணைக்கவில்லை. டீச்சர் ஏழு மணிக்கே பள்ளிக்கூடம் போய்விடுவார், மகனும்தான். பின்னேரம் ஆறு மணிக்கு மகன் போடுவதாக நினைத்தது, ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிற லைட்டைப் பார்த்துவிட்டு 'அம்மா போட்டுவிட்டார்' என்று விட்டதுதான். காலை நாலரையிலிருந்து இரவு பதினொன்றுவரை: பதினெட்டரை மணி நேரம். மிச்சம் ஐந்தரை மணி நேரம்தான் இந்த இரவுப் பிராணிக்கு இரவு. அதிலும் தீனி கிடையாது. தீனி மாலை ஏழு மணிக்கு, முழு வெளிச்சத்தில், பார்ப் கூட்டத்தின் நடுவில். கெளிறு வெளியே வருகிற நேரத்தில் தொட்டியில் துடைத்த மாதிரி ஒன்றுமிருக்காது. ஐந்தாவது மீன் எதனால் செத்தது என்று இனி நிரூபிக்க முடியாது. பட்டினிதான் என்பது என் எண்ணம்.

மீனுக்கு இமை கிடையாது. பெரும்பாலான மீன்களின் கண்மணி நம்முடையதைப் போலச் சட்டென்று சுருங்கவும் செய்யாது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் கண் பழகுவது விழித்திரைக்குள்ளே நிறத்துணிக்கைகளும் பார்வைக் கலங்களும் மெல்ல இடம் மாறுவதால். அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். கும்மிருட்டில் கிடக்கிற மீனின் தலைக்குமேல் சுவிட்சைத் தட்டினால் அது தப்பி ஓடத்தான் பார்க்கும். (கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்கிற 'டேங்க் கிளீனர்' கெளிறு இதில் கெட்டிக்காரன். அதன் கண்மணிக்கு மேல் சிறு மடல் ஒன்று வெளிச்சத்தில் விரிந்து மறைக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள், கண்ணுக்குள் பிறை போலத் தெரியும்.)

இன்னொன்று, நானே கவனிக்கத் தவறியது: வெள்ளை மணல். கெளிறு வெளிச்சத்துக்கு மறைய மேலே ஏதாவது தேடும். இங்கே மேலேயும் வெளிச்சம், கீழே மணல் அதைத் திருப்பி அடிக்கிறது. மல்லாந்து நிற்கிற மீனுக்குக் கண் இருப்பது கீழ்ப்பக்கமாக. கோட்டை பொம்மைக்குள் போயிருக்கலாமே என்றால், அது தரையிலுள்ள குகை. இந்த மீன் தேடுவது வயிற்றை ஒட்டிக்கொண்டு நிற்க ஒரு கட்டையின் அடிப்பக்கம், அதாவது ஒரு கூரை. அந்தத் தொட்டியில் கூரை என்று சொல்ல இருந்தது பில்டரின் அடிப்பாகம் மட்டும்தான்.

ஒவ்வொன்றாக மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

முதல் வாரம் நேரத்தை மட்டும். பிளக்கில் மாட்டுகிற டைமர் வாங்கி, பகல் இரண்டரையிலிருந்து இரவு ஒன்பதரைவரை ஏழு மணி நேரம் வைத்தேன். அணைந்து அரை மணி கழித்து, மூழ்குகிற குளிகைத் தீனி. அப்பாயிக்குக் கோபம். "சாமிக்கு மட்டும் வெளிச்சம், அதுகளுக்கு இல்லியா?" என்றார். விளக்கு வெளிச்சமே அதுகளுக்குப் போதும், அன்றைக்குப் பார்த்தோமே என்றேன். அதை ஏற்றுக்கொண்டார். வாரக் கடைசியில் வயிறு கொஞ்சம் உருண்டிருந்தது. ஆனால் லைட் எரியும்போது ஒன்றும் வெளியே வரவில்லை. மீன் பிழைத்தால் எனக்குப் போதும். பையனுக்குப் பார்க்கவும் வேண்டுமே.

இரண்டாவது வாரம் மணல். முழுவதையும் மாற்றப் போனால் தண்ணீரைச் சுத்தமாக்குகிற பக்டீரியாவில் ஒரு பங்கும் போய்விடும். மேலாக ஒரு விரல் கனத்துக்கு எடுத்துவிட்டு, கழுவிய கறுத்த ஆற்றுக் கூழாங்கல் பரப்பினேன். பின் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள். மகன் தேயிலை வேர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். தோட்டத்தில் பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கி மறுநடுகை செய்கிற இடத்தில் குவிந்து கிடக்கிறது, பார்க்கவும் அழகு. நான் வேண்டாம் என்றேன். பல வருடம் களைகொல்லியும் பூச்சிமருந்தும் விழுந்த மண்ணில் நின்ற வேர். அதைத் தொட்டிக்குள் போட எனக்குத் துணிவில்லை. அதற்குப் பதில் பழைய கூரை ஓடு இரண்டைத் தேய்த்துக் கழுவி, கற்களின்மேல் முட்டுக்கொடுத்துத் தண்ணீரின் நடு உயரத்தில் கிடையாக வைத்தேன். அன்றிரவே மூன்று மீன் பில்டரை விட்டு ஓட்டின் அடியில் ஒட்டிக்கொண்டன.

மூன்றாவது, மிதக்கும் செடி. அதில்தான் என் மூக்கு உடைந்தது.

ஆற்றுவாழை என்ற பேச்சுக்கே இடமில்லை. அழகுச் செடியாக இந்த நாட்டுக்கு வந்து குளங்களை அடைத்ததால் 1909இலேயே அதற்கென்று தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. சல்வீனியாவும் அதே மாதிரித் தொல்லைதான். டிக்கோயாவில் ஓடைக்குள் வீசுகிற எதுவும் கெஹெல்கமு ஓயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும், அங்கிருந்து களனி கங்கைக்கு. டக்வீட் என்கிற குறுஞ்செடியை ஒருமுறை தொட்டிக்குள் விட்டுவிட்டால் பேத்தி காலம்வரை பொறுக்கிக்கொண்டிருக்கலாம். வட்ட இலையும் நீண்ட வேர்த் தாடியும் உள்ள அமேசன் ஃப்ரொக்பிட் எடுத்தேன். இருபது செடி. அந்த வேர்தான் விஷயம்: வெளிச்சத்தைத் தடுப்பதோடு, மல்லாந்து நிற்கிற மீனுக்குப் புதராகவும் இருக்கும். காற்றிலிருந்தே கரியமில வாயுவை எடுப்பதால் வேகமாக வளரும், தண்ணீரிலுள்ள நைத்திரேற்றையும் இழுத்துக்கொள்ளும்.

பத்து நாளில் பதினாறு செடி அழுகிவிட்டது. இலை நடுவில் பழுப்புப் புள்ளி, பிறகு கொழகொழ. தண்ணீரைச் சந்தேகித்தேன், லைட் போதவில்லையோ என்றும் நினைத்தேன். ஒரு காலை ஆறு மணிக்குப் போனபோதுதான் பிடிபட்டது. அறை 14 பாகை, தண்ணீர் 25. மேல் மூடிக் கண்ணாடியின் உட்புறம் முழுக்க வியர்த்து, ஒரு மழைநாள் தகரக் கூரை போல விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. ஃப்ரொக்பிட் இலைக்கு அடிப்பக்கம் நனையலாம், மேல்பக்கம் இரவெல்லாம் நனைந்து கிடந்தால் அழுகும். கொழும்பில் அறைக்கும் தண்ணீருக்கும் வித்தியாசமே இல்லை, மூடி இப்படி வியர்க்காது. அங்கே வளர்க்கிறவர் சொல்கிற யோசனை இங்கே பாதிதான் செல்லும். மூடியை எடுத்துவிட்டால் சூடு போகும், ஹீட்டர் ஓயாது, கரண்ட் பில் ஏறும், பார்ப் வெளியே குதிக்கும். கடைசியில் மூடியின் முன்விளிம்பின் கீழே ஒன்றரை அங்குலத் தக்கை இரண்டு வைத்துச் சாய்த்தேன். வியர்வை சரிவில் வழிந்து பின்கண்ணாடி வழியாக இறங்கியது. பில்டர் கொட்டுகிற வாயையும் சுவர்ப்பக்கம் திருப்பினேன். மிச்சமிருந்த நான்கு செடி மூன்று வாரத்தில் பாதித் தொட்டியை மூடிவிட்டது. அதுவரை கூரைக்குப் பதிலாகக் காய்ந்த கொட்டம்பா இலை ஐந்தாறை மிதக்கவிட்டிருந்தேன்; ஒன்றிரண்டு நாளில் ஊறி அமிழும், புதிதாகப் போட வேண்டும். அது மோசமில்லை, தண்ணீர் இளந்தேநீர் நிறமானதும் வெளிச்சம் இன்னும் தணிந்தது.

முழுவதையும் மூடவிடக் கூடாது. காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போர்வை போட்ட மாதிரி ஆகிவிடும். ஏயர் டியூபை வளையமாக வளைத்து இணைத்து மிதக்கவிட்டால் அதற்குள் செடி வராது. தீனி போடும் வாசலும் அதுதான். வளையத்தை வலப்பக்கம், லைட்டுக்கு நேர் கீழே நிறுத்தினேன். இடப்பக்கம் செடி அடர்த்தி. நடுவில் வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற ஒரு கோடு உண்டாகிறது. மீன் நிற்பது அந்தக் கோட்டில். கும்மிருட்டு மூலைக்கு அவை போவதேயில்லை என்பது எனக்கே ஆச்சரியம். ஓடிப்போக நிழல் ஒரு முழத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் வெளிச்சத்தின் விளிம்பில் நிற்கத் துணிகின்றன. ஒளிந்துகொள்ள இடம் கூடக்கூட மீன் கண்ணில் படுவதும் கூடுகிறது என்பதைப் பல தொட்டிகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் 'மறைவிடம் வைத்தால் மீன் தெரியாதே' என்று சண்டை பிடிக்காத வாடிக்கையாளரை இன்னும் பார்க்கவில்லை.

மார்ச் முதல் வாரத்துக் குறிப்பு: மாலை ஏழு மணி, லைட் எரிகிறது. வேர்களுக்கிடையே மூன்று மீன், மல்லாந்து. ஒன்று வளையத்தின் ஓரம்வரை வந்து பார்ப் சிந்திய தீனியை நீர்மட்டத்திலிருந்து உறிஞ்சுகிறது. தோல் பழைய புள்ளி நிறத்துக்கு வந்துவிட்டது. நான்காவது மட்டும் ஓட்டின் அடியை விட்டு வருவதில்லை. கூட்டத்தில் சின்னது அதுதான். மற்றவை விரட்டுகின்றனவோ என்று சந்தேகம். இன்னும் இரண்டு மீன் சேர்த்தால் விரட்டல் பங்கிட்டுப் போகும் என்று சொல்லியிருக்கிறேன். கணவர் சித்திரைப் புத்தாண்டுக்கு வரும்போது கொண்டுவருவாராம்.

தீர்க்காமல் விட்டவை இரண்டு. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு அடியில் நட்ட வலிஸ்நேரியா புல், நிழலில் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. அதை வளையத்தின் கீழே மாற்ற வேண்டும். ஃப்ரொக்பிட்டின் புது இலையும் வெளிறத் தொடங்கியிருக்கிறது. பீலித் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் சொற்பம். சிப்பித் தூள் ஒரு சின்னப் பையில் கட்டிப் பில்டருக்குள் வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் பார்க்கலாம்.

நுளம்புப் புழு போட்டால் இன்னும் வேகமாகத் தேறும் என்று மகன் எங்கோ பார்த்துவிட்டுக் கேட்டான். உண்மைதான், இந்த மீனுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. ஆனால் வீட்டில் வாளியில் புழு வளர்த்துக்கொண்டிருக்கும்போது பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) டெங்கு பார்க்க வந்தால் தண்டப்பணம் கட்டப்போவது அவனுடைய அம்மா. குளிகையே போதும் என்றேன்.

வாரம் ஒரு வாளி ஃப்ரொக்பிட் கழிகிறது. அப்பாயி அதை வெயிலில் காயவைத்து, வேர் முழுக்கச் செத்த பிறகு போஞ்சிப் பாத்திக்குப் போடுகிறார். காலை நாலரைக்கு எழுவதையும் அவர் விடவில்லை. சாமிக்கு விளக்கேற்றிவிட்டுத் தொட்டிப் பக்கம் குனிந்து எண்ணுகிறார். நேற்றுக் காலை எனக்குக் கோல் எடுத்ததும் அவர்தான். "தம்பி, நாலும் வந்துருக்கு. அந்தச் சின்னதும்."